செயற்கைப் புல்தரைக்கு கால்பந்து பூட்ஸ் வாங்கப் போகிறீர்களா? முழங்காலையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்

யாரும் என்னை இடிக்கவில்லை, நான் தடுக்கி விழவும் இல்லை. இடப்பக்கம் போன பந்தைத் துரத்த வலது காலை ஊன்றித் திரும்பினேன். உடம்பு திரும்பியது, தொடை திரும்பியது, பூட்ஸ் மட்டும் தரையைக் கவ்விக்கொண்டு அப்படியே நின்றது. முழங்காலின் உள்பக்கம் ஈரத்துணியை முறுக்கிப் பிழிவது போல ஒரு வலி. ஸ்கேனில் உள்பக்க ஜவ்வு பாதி கிழிந்திருந்தது தெரிந்தது. ஏழு வாரம் ஓட முடியவில்லை, முழு ஆட்டம் ஆட மூன்று மாதத்துக்கு மேல் ஆனது.

அந்த பூட்ஸ் நல்ல பூட்ஸ்தான், விலையும் அதிகம். ஆனால் இயற்கைப் புல்லுக்காகச் செய்தது. "எல்லா கிரவுண்டுக்கும் போடலாம் சார்" என்று கடையில் சொன்னார்கள், நானும் நம்பினேன். அடிபட்ட பிறகு பிசியோதெரபிஸ்டிடம் கேட்டு, மைதான ஆட்களிடம் கேட்டு, நாலைந்து ஜோடி மாற்றிப் பார்த்துத் தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. சரியான பூட்ஸ் போட்டால் அடியே படாது என்றும் சொல்ல மாட்டேன். என்னைப் போல் தப்பான ஜோடியோடு இறங்காமல் இருந்தால் போதும்.

## 1. கடைக்கு முன்னால் கிரவுண்டுக்குப் போங்கள்

"டர்ஃப்" என்று எல்லோரும் ஒரே பேரில் சொன்னாலும் அதில் வகைகள் உண்டு. நீங்கள் அதிகம் ஆடப்போகும் தரையில் குனிந்து உட்கார்ந்து விரலை விட்டுப் பாருங்கள்.

நார் நீளமாக, 4 முதல் 6 செ.மீ. வரை இருந்து, இடையில் கருப்புக் குருணை போல ரப்பர் துகள் நிறைந்திருந்தால் அது மூன்றாம் தலைமுறைத் தரை. பெரிய மைதானங்களில் பெரும்பாலும் இதுதான். ரப்பருக்குக் கீழே மணல் இருக்கும். மணல் கனத்தால் விரிப்பை அசையாமல் பிடித்துவைக்கும், ரப்பர் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும்.

நார் குட்டையாக, 2 செ.மீ. சுமாருக்கு இருந்து, தடவினால் மணல் மட்டும் நறநறவென்று வந்தால் அது பழைய வகை. ஐந்து பேர் ஆடும் கூண்டு மைதானங்களில் இதை நிறையப் பார்க்கலாம். மணலும் இல்லாமல் வெறும் கம்பளம் போல இருந்தால், உள்ளரங்கத் தரைக்கு அடுத்த படி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து தரையின் வயதைப் பாருங்கள். கோல் வாசல், பெனால்ட்டி புள்ளி, கார்னர் மூலை இந்த மூன்று இடங்களையும் பார்த்தாலே தெரிந்துவிடும். அங்கே நார் ஒரே பக்கமாகப் படுத்துக் கிடந்து, ரப்பர் துகள் பறந்துபோய் அடிவிரிப்பு எட்டிப் பார்த்தால், ஸ்டட் (பூட்ஸின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் முளை) நேராக நாருக்குள் இறங்கி மாட்டிக்கொள்ளும். துகள் இறுகிக் கல்லாகப் போயிருந்தால் நேர்மாறாக, ஸ்டட் உள்ளேயே இறங்காமல் அதன் நுனியில் நின்று ஆட வேண்டியிருக்கும். முழங்காலுக்கு இரண்டும் ஆகாது. என்னுடைய கால் மாட்டிய இடமும் அப்படி வழுக்கை விழுந்த ஒரு மூலைதான் என்று அப்புறம் போய்ப் பார்த்தபோது தெரிந்தது.

மைதான அலுவலகத்தில் எந்த ஸ்டட்டுக்கு அனுமதி என்று கேட்டு, முடிந்தால் பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உலோக ஸ்டட்டைப் பெரும்பாலான செயற்கைத் தரைகளில் விட மாட்டார்கள், சில இடங்களில் பிளேடு வடிவத்துக்கும் தடை உண்டு. வாங்கிக்கொண்டு போய் வாசலில் திரும்பி நிற்பதற்கு இது எவ்வளவோ மேல்.

## 2. பெட்டியில் இருக்கும் இரண்டு எழுத்து

மாடல் பேருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு ஆங்கில எழுத்துதான் உங்களுக்கு வேண்டிய தகவல். கலரும் விளம்பரத்தில் வந்த ஆட்டக்காரரும் எல்லாம் அதற்கு அப்புறம்.

எஃப்.ஜி. என்றால் கெட்டியான இயற்கைப் புல்தரைக்கு. ஸ்டட் பத்து முதல் பதினாலு வரை இருக்கும், உயரமாக இருக்கும், பல மாடல்களில் பிளேடு போலத் தட்டையாகவும் இருக்கும்.

எஸ்.ஜி. என்றால் சேறும் சகதியுமான தரைக்கு. பெரும்பாலும் ஆறு உலோக ஸ்டட், திருகிக் கழற்றலாம். செயற்கைத் தரை பக்கமே கொண்டு போகாதீர்கள்.

ஏ.ஜி. என்றால் செயற்கைப் புல்லுக்கென்றே செய்தது. ஸ்டட் குட்டை, எண்ணிக்கை அதிகம், சிலவற்றில் இருபதுக்கு மேல். உருண்டை வடிவம், பலவற்றில் நடுவில் குழிவாக இருக்கும்.

டி.எஃப். என்றால் அடியில் சின்னச் சின்ன ரப்பர் குமிழ்கள் நெருக்கமாக இருக்கும். குட்டை நார்த் தரைக்கும், இறுகிப்போன பழைய தரைக்கும் ஏற்றது.

ஐ.சி. அல்லது ஐ.என். என்று இருந்தால் தட்டையான அடி, உள்ளரங்கத்துக்கு மட்டும். ரப்பர் குருணை மேல் போட்டால் வழுக்கும்.

குழப்பம் வருவது "எஃப்.ஜி./ஏ.ஜி.", "எம்.ஜி." (பல வகைத் தரைக்கும் பொது) என்று இரட்டையாகவோ பொதுவாகவோ போட்டிருக்கும் பூட்ஸில்தான். சிலவற்றில் அடித்தட்டு உண்மையிலேயே இரண்டுக்கும் பொருந்துகிற மாதிரி இருக்கும், சிலவற்றில் அதே எஃப்.ஜி. தட்டுதான், செயற்கைத் தரையில் உடைந்தாலும் உத்தரவாதம் உண்டு என்பது மட்டும்தான் கூடுதல். உத்தரவாதம் பூட்ஸுக்குத்தானே, முழங்காலுக்கு இல்லையே! எழுத்தை நம்பாமல் திருப்பிப் பிடித்து அடியைப் பாருங்கள். ஸ்டட் உருண்டையா, குட்டையா, எத்தனை என்று எண்ணுங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்த்துவிட்டுப் போகட்டும்.

## 3. கால் சுழலுமா என்பதுதான் கேள்வி

கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது புரிந்துவிட்டால் மற்றதை நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

பூட்ஸின் பிடிமானம் இரண்டு விதம். ஒன்று நேர்ப்பிடி: ஓடும்போதும் நிற்கும்போதும் கால் முன்னும் பின்னும் வழுக்காமல் இருப்பது. இது வேண்டும். இன்னொன்று சுழல்பிடி: முன்பாதத்தை ஊன்றியபடி உடம்பைத் திருப்பும்போது பூட்ஸ் அந்தத் திருப்பத்தை எவ்வளவு எதிர்க்கிறது என்பது. இது கொஞ்சம் இருந்தால் போதும். அளவுக்கு மீறினால், திரும்பும் வேகம் எங்கேயாவது போயாக வேண்டுமே, பாதம் விட்டுக்கொடுக்காவிட்டால் கணுக்கால் வாங்கிக்கொள்ளும், கணுக்காலும் தாங்காவிட்டால் முழங்கால்.

இயற்கைப் புல்லில் பலம் அதிகமாகும்போது மண்ணே பெயர்ந்து வந்துவிடும். ஆட்டம் முடிந்து பார்த்தால் புல்லோடு மண் கட்டி கட்டியாக எழும்பிக் கிடக்குமே, அந்த ஒவ்வொரு கட்டியும் யாரோ ஒருவருடைய முழங்காலுக்குப் போக வேண்டிய விசையை வாங்கிக்கொண்டு போனது. செயற்கை விரிப்பு அப்படிப் பெயராது. அதனால் விட்டுக்கொடுக்க வேண்டிய வேலை முழுக்க ஸ்டட்டின் தலையில்தான்.

உருண்டை ஸ்டட் எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே மாதிரி சுழலும். பிளேடு ஸ்டட், படகின் துடுப்பு தண்ணீரை எதிர்ப்பது போல, தட்டையான பக்கத்தால் நாரையும் துகளையும் எதிர்த்து நிற்கும். உயரம் கூடக் கூட உள்ளே இறங்கிக் கவ்வும். குட்டையாக, உருண்டையாக, எண்ணிக்கையில் அதிகமாக வைத்தால் எடையும் பரவும், பாதமும் விடுபடும். ஏ.ஜி. அடித்தட்டின் ரகசியம் இவ்வளவுதான்.

முன் சிலுவை ஜவ்வு, ஏ.சி.எல். என்று எல்லோரும் சொல்கிறோமே, அது கிழிகிற சம்பவங்களில் பெரும்பாலானவை இன்னொருவர் மோதாமலே நடப்பவை. முழங்கால் லேசாக மடங்கி, உள்பக்கம் சரிந்து, பாதம் தரையில் நட்டுக்கொண்டு நிற்க உடம்பு மட்டும் திரும்புகிற அந்தக் கணம்தான். பெண்களுக்கு இந்த ஆபத்து ஆண்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம் என்பது விளையாட்டு மருத்துவத்தில் நன்றாகத் தெரிந்த விஷயம். 2023இல் நைக்கி பெண்களுக்கென்று வெளியிட்ட ஃபாண்டம் லூனா மாடலில் முன்பாதத்தின் கீழ் ஸ்டட்டை வட்டமாக அடுக்கியதும் கால் எளிதாகச் சுழலட்டும் என்றுதான்.

சரி, இதைச் சோதிப்பது எப்படி? புதிய பூட்ஸ் சுத்தமாக இருக்கும்போதே தரையில் இறக்க முடியாது, திருப்பித் தர முடியாமல் போகும். அதனால் அந்த மைதானத்தில் ஆடும் நண்பர்களிடம் அவர்களுடைய ஜோடியைக் கேட்டு வாங்குங்கள், அளவு சுமாராகப் பொருந்தினால் போதும். எடையை மற்றக் காலில் வைத்துக்கொண்டு, பூட்ஸ் போட்ட காலின் முன்பாதத்தை மெதுவாக ஊன்றி, கீழே கிடக்கும் சிகரெட் துண்டை அணைப்பது போல இடமும் வலமும் திருப்புங்கள். ஏ.ஜி.யில் நாரை உரசிக்கொண்டு வழவழவென்று திரும்பும். பிளேடு வைத்த எஃப்.ஜி.யில் ஒரு இடத்தில் மாட்டி, பிறகு விடுக்கென்று விடும். இரண்டையும் அடுத்தடுத்துச் செய்து பார்த்தால் நான் எழுதியது எல்லாம் பத்து விநாடியில் காலுக்கே புரிந்துவிடும். முழு எடையையும் போட்டு முறுக்காதீர்கள், சோதனையிலேயே அடிபட்டுக்கொள்வீர்கள்.

## 4. ஏ.ஜி.யா, டி.எஃப்.ஆ?

நீள நார், நல்ல ரப்பர் துகள், பெரிய மைதானம் என்றால் ஏ.ஜி. குட்டை நார், மணல் தரை, கூண்டு மைதானம் என்றால் டி.எஃப்.

இரண்டிலும் மாறி மாறி ஆடுகிறீர்கள், ஒரே ஜோடிதான் வாங்க முடியும் என்றால் டி.எஃப். வாங்குங்கள். நீள நாரில், அதுவும் மழையில், கொஞ்சம் வழுக்கத்தான் செய்யும், வேகத்தில் அரை அடி குறையும். வழுக்கினால் பிட்டத்தில் உட்காருவீர்கள், அவ்வளவுதான். மாட்டிக்கொண்டால்தான் முழங்கால் போகும். ஏற்கெனவே முழங்காலில் அடிபட்டவர்கள், நாற்பது தாண்டி மறுபடி ஆட வந்தவர்கள், புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்கள் இவர்களுக்கெல்லாம் என் முதல் சிபாரிசு டி.எஃப்.தான். மெத்தென்ற நடு அடுக்கு இருப்பதால் குதிகாலுக்கும் நல்லது.

ஒரு எச்சரிக்கை. ரொம்ப வளையக்கூடிய, மெல்லிய அடி கொண்ட மலிவு டி.எஃப். வேண்டாம். கெட்டித் தரையில் கட்டைவிரல் மூட்டு அளவுக்கு மீறிப் பின்னால் மடங்கிச் சுளுக்கும். இதற்கு டர்ஃப் டோ என்றே பேர் வைத்திருக்கிறார்கள். ஷூவின் மூக்கையும் குதிகாலையும் பிடித்து மடக்கிப் பாருங்கள்: விரல்கள் தொடங்கும் இடத்தில் மடங்க வேண்டும், பாதத்தின் நடுவில் மடங்கினால் கீழே வைத்துவிடுங்கள்.

## 5. பணத்தை எங்கே போடுவது

ஒவ்வொரு கம்பெனியும் ஒரே மாடலை மூன்று நாலு விலைப் படிகளில் விற்கிறது. உச்சியில் இருப்பதற்கும் நடுவில் இருப்பதற்கும் விலை வித்தியாசம் பெரிது, ஆனால் அந்த வித்தியாசம் எடை, மேல்தோலின் மென்மை, அடித்தட்டின் விறைப்பு இவற்றில்தான் போகிறது. உச்சி மாடலின் விறைப்பான தட்டு முழுநேரமாக ஆடுகிறவர்களை நினைத்துச் செய்தது. வாரம் ஒருமுறை இருமுறை ஆடும் நமக்கு நடு விலையே தாராளம்.

ஒரு பொறி என்னவென்றால், கடைசிப் படி மலிவு மாடல்களில் தனி ஏ.ஜி. தட்டு கிடைப்பது அரிது. எம்.ஜி., டி.எஃப்., ஐ.சி. மட்டும்தான் இருக்கும். கையில் காசு குறைவு என்றால், எஃப்.ஜி. உச்சி மாடல் தள்ளுபடியில் கிடைக்கிறதே என்று பாயாமல், அதே காசில் நல்ல டி.எஃப். வாங்குங்கள். தள்ளுபடியில் எஃப்.ஜி.தான் மலை மலையாகக் குவிந்திருக்கும், ஏ.ஜி. குறைவாகத்தான் வரும், வந்தாலும் உங்கள் அளவு முதல் நாளே தீர்ந்துபோகும். போன வருட மாடலின் ஏ.ஜி. விலை இறங்குவது பெரும்பாலும் புது நிறம் வெளியான பிறகு. அவசரம் இல்லாதவர்கள் அதுவரை காத்திருக்கலாம்.

கணக்குப் பார்க்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். என்னுடைய ஒரு ஸ்கேன், டாக்டர் கட்டணம், பன்னிரண்டு பிசியோ அமர்வு எல்லாம் சேர்த்துப் பார்த்தால் அந்தக் காசில் நாலு ஜோடி ஏ.ஜி. வாங்கியிருக்கலாம். வேலைக்குப் போகாத நாட்களை நான் அதில் சேர்க்கவே இல்லை.

## 6. அளவு எடுப்பதும் போட்டுப் பார்ப்பதும்

சுவரோரமாக ஒரு வெள்ளைத் தாளை வைத்து, குதிகால் சுவரைத் தொடும்படி எழுந்து நின்று, மிக நீளமான விரலின் நுனியில் கோடு போடுங்கள். உட்கார்ந்து அளக்காதீர்கள், எடை விழுந்தால் பாதம் விரியும். இரண்டு காலையும் அளந்து பெரியதை எடுத்துக்கொள்ளுங்கள். மாலையில் அளப்பது நல்லது, பகல் முழுக்க நடந்து பாதம் கொஞ்சம் உப்பியிருக்கும்.

இனி பெட்டியில் உள்ள செ.மீ. எண்ணைப் பாருங்கள். இங்கிலாந்து அளவு ஒன்றாக இருந்தாலும் கம்பெனிக்குக் கம்பெனி நீளம் மாறும். நைக்கியில் 8 என்றால் 27 செ.மீ., அடிடாஸில் அதே 8 என்றால் 26.5 செ.மீ. அரை செ.மீ.தானே என்று நினைக்காதீர்கள், கட்டைவிரல் நகம் கறுத்து விழ அது போதும். நான் ஆன்லைனில் வாங்கி முதலில் மாட்டிக்கொண்டது இதில்தான்.

கடையில் ஆடும்போது போடும் அதே கனமான சாக்ஸைப் போட்டுக்கொண்டு இரண்டு காலிலும் மாட்டுங்கள். விரலுக்கு முன்னால் அரை முதல் முக்கால் செ.மீ. இடம் இருக்கட்டும். குதிகாலைத் தரையில் தட்டிப் பின்னுக்குத் தள்ளி, லேஸை இறுக்கி, படியில் ஏறி இறங்கிப் பாருங்கள். குதிகால் மேலே எழும்பினால் அந்த மாடல் உங்களுக்கு இல்லை. பாதம் உள்ளே வழுக்கினால் திரும்பும்போது பூட்ஸ் ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் போகும். அகலப் பாதக்காரர்கள் நீளத்தைக் கூட்டி அகலத்தைச் சரிக்கட்டப் பார்ப்போம், நானும் பார்த்திருக்கிறேன், நடக்காது. பெரிய பூட்ஸில் மடங்கும் இடம் உங்கள் விரல் மூட்டுக்கு முன்னால் போய்விடும். அகல வடிவம் தனியாக வரும் மாடலைத் தேடுங்கள்.

கடையின் கெட்டித் தரையில் நின்றபடி உள்ளங்காலில் எந்த ஸ்டட்டாவது தனியாகக் குத்துவது தெரிகிறதா என்று கவனியுங்கள். கடையில் லேசாகத் தெரிவது இரண்டாம் பாதி ஆட்டத்தில் ஆணி போலக் குத்தும்.

குழந்தைகளுக்கு "அடுத்த வருஷமும் ஆகட்டும்" என்று ஒரு சைஸ் பெரிதாக வாங்காதீர்கள். இதைப் படித்துவிட்டும் வாங்குவீர்கள் என்று தெரியும், இருந்தாலும் சொல்லிவிட்டேன்.

கணுக்கால் வரை உயர்ந்த காலர் முழங்காலைக் காக்கும் என்று விற்பார்கள். இறுக்கமாக இருக்கிற உணர்வைத் தரும், அதற்கு மேல் எதையும் நம்பிக் காசைக் கொட்ட வேண்டாம்.

## 7. பில், பெட்டி, உத்தரவாதம்

வாங்கிய நாளிலேயே செய்ய வேண்டிய சின்ன வேலை. பில்லைப் போட்டோ எடுங்கள், மை மங்கும் காகிதத்தில்தான் கொடுப்பார்கள். பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் சீட்டையும், நாக்கின் உள்பக்கம் இருக்கும் சீட்டையும், புத்தம்புது அடித்தட்டையும் ஒவ்வொரு போட்டோ. பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள், திருப்பித் தரும் காலம் முடியும் வரையாவது வைத்திருங்கள்.

உத்தரவாத விதியில் "எந்தத் தரைக்கு" என்ற வரியைத் தேடிப் படியுங்கள். எஃப்.ஜி. பூட்ஸைச் செயற்கைத் தரையில் போட்டு ஸ்டட் ஒடிந்தாலோ அடித்தட்டு பிளந்தாலோ பல கம்பெனிகள் ஏற்க மாட்டார்கள். அடியில் ரப்பர் குருணை ஒட்டியிருப்பதைப் பார்த்தாலே கண்டுபிடித்துவிடுவார்கள். "எல்லா கிரவுண்டுக்கும் போடலாம்" என்று கடைக்காரர் வாயால் சொன்னது அங்கே செல்லாது, வேண்டுமானால் பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் எழுத மாட்டார், அப்போது உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று அர்த்தம்.

திருப்பித் தரும் காலக்கெடு வாங்கிய நாளிலிருந்தா, கையில் கிடைத்த நாளிலிருந்தா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். அதுவரை வீட்டுக்குள், விரிப்பின் மேல் மட்டும் போட்டு நடங்கள்.

## 8. முதல் இரண்டு வாரம்

வீட்டுக்குள் இருபது இருபது நிமிடமாக மூன்று நாலு நாள் நடங்கள். அப்புறம் லேசான பயிற்சிக்கு அரைமணி நேரம். போட்டி ஆட்டத்துக்குக் குறைந்தது இரண்டு பயிற்சியாவது கழித்துப் போங்கள். கொப்புளம் வந்த காலைக் காப்பாற்ற நொண்டிக்கொண்டே ஆடினால் அந்தச் சுமை மற்ற முழங்காலுக்குப் போகும்.

வெந்நீரில் ஊறவைத்தால் சீக்கிரம் பழகும் என்று ஒரு வழி சொல்வார்கள். பசை இளகிவிடும், செய்யாதீர்கள். பொதுவாகச் சூடுதான் இந்தத் தரையில் பூட்ஸுக்கு எதிரி. நல்ல வெயிலில் செயற்கைத் தரையின் மேற்பரப்பு 60 டிகிரி செல்சியஸையும் தாண்டும், உள்ளங்காலில் அடுப்புக்கல்லில் நிற்பது போல இருக்கும். நடுப்பகல் ஆட்டத்தைத் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள். தண்ணீர் தெளித்தால் கொஞ்ச நேரம் தணியும், மறுபடி ஏறிவிடும்.

## 9. பூட்ஸால் முடியாத வேலை

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகத் தோன்றும். எனக்கும் தோன்றியது, அதனால்தான் மூன்று மாதம் உட்கார்ந்திருந்தேன்.

ஃபிஃபாவின் 11+ என்ற தயார்ப்பயிற்சி இருக்கிறது, இலவசம். மொத்தம் 15 பயிற்சி, பழகிவிட்டால் 20 நிமிடம். முதல் 8 நிமிடம் மெதுவான ஓட்டம், அடுத்த 10 நிமிடம் வலு, தாவல், சமநிலை, கடைசி 2 நிமிடம் வேகமாக ஓடித் திரும்புதல். நடுப்பகுதியில் மூன்று படிநிலை உண்டு, முதல் படியிலேயே தொடங்குங்கள். வாரம் இரண்டு முறையாவது செய்ய வேண்டும், பலன் தெரியச் சில வாரங்கள் பிடிக்கும். ஆட்டத்துக்கு ஐந்து நிமிடம் முன்னால் வந்து காலை இப்படியும் அப்படியும் நீட்டிவிட்டு இறங்குவதற்கு இது ஈடாகாது என்று சொன்னால் போதாது, இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை.

அதில் எனக்குக் கடினமாக இருந்தது பின்தொடைக்கான பயிற்சி. மண்டியிட்டு உட்கார, ஒருவர் பின்னாலிருந்து கணுக்காலைப் பிடித்துக்கொள்வார், நாம் உடம்பை நேராக வைத்தபடி மெதுவாக முன்னால் சாய வேண்டும். முதல் வாரம் மூன்றாவது தடவையிலேயே தொப்பென்று விழுந்தேன். ஆனால் முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு முன்னால் நழுவாமல் பின்னாலிருந்து இழுத்துப் பிடிப்பது இந்தப் பின்தொடைத் தசைதான், ஏ.சி.எல். ஜவ்வின் வேலையில் ஒரு பங்கை அது வாங்கிக்கொள்ளும்.

போனை எதிரே நிறுத்தி, ஒரு படியிலிருந்து இரண்டு காலும் சேர்த்துக் குதித்து இறங்குவதைப் படம் எடுங்கள். முழங்கால்கள் ஒன்றையொன்று பார்க்கிற மாதிரி உள்பக்கம் சரிகிறதா? சரிந்தால் திரும்பும்போதும் அதேதான் நடக்கும். முழங்கால் பாதத்துக்கு நேர்மேலே நிற்கும்படி பழக வேண்டும். திரும்பும்போதும் நீட்டிய காலை ஒரே எட்டாக ஊன்றித் திரும்பாமல், இடுப்பையும் முழங்காலையும் மடக்கி மூன்று நாலு குட்டி எட்டில் திரும்புங்கள். கேட்க எளிது, களைத்துப்போன கடைசிக் கால்மணியில் இது மறந்துவிடும், அதனால்தான் பயிற்சியில் உடம்புக்குப் பழக்க வேண்டியிருக்கிறது.

## 10. 'டப்' என்று கேட்டால்

திரும்பும்போது முழங்காலுக்குள் ஏதோ டப்பென்று வெடித்த மாதிரி கேட்டாலோ, கால் பிடிமானம் இல்லாமல் மடங்கினாலோ ஆட்டத்தை நிறுத்துங்கள். நடந்து சரிசெய்துவிடலாம் என்று இரண்டு ரவுண்டு நடக்காதீர்கள். ஐஸைத் துணியில் சுற்றி வைத்து, எலாஸ்டிக் பேண்டேஜ் கட்டி, காலை உயர்த்தி வையுங்கள். யாரையும் உருவிவிட அனுமதிக்காதீர்கள்.

சில மணி நேரத்துக்குள் முழங்கால் பந்து போல வீங்கினால் உள்ளே ரத்தம் கசிந்திருக்க வாய்ப்பு அதிகம், அன்றைக்கோ மறுநாளோ டாக்டரைப் பாருங்கள். நாலு எட்டுகூட ஊன்றி நடக்க முடியாவிட்டால் உடனே எக்ஸ்ரே வேண்டும். முழங்காலை மடக்கவோ நீட்டவோ முடியாமல் பூட்டிக்கொண்டாலும் தள்ளிப்போடக் கூடாது. எக்ஸ்ரேயில் எலும்பு மட்டும்தான் தெரியும். "எலும்பு உடையலை, ஒண்ணுமில்லை" என்று சொல்லி அனுப்பினால், ஜவ்வைக் கையால் இழுத்துச் சோதித்தீர்களா, எம்.ஆர்.ஐ. தேவையா என்று கேளுங்கள். எனக்கு அப்படிச் சொல்லித்தான் அனுப்பினார்கள், பத்து நாள் கழித்துதான் கிழிந்தது தெரிந்தது.

அன்று இரவே இதையெல்லாம் எழுதி வையுங்கள்: எத்தனை மணிக்கு, எந்தக் கால், எந்தப் பக்கம் திரும்பினீர்கள், சத்தம் கேட்டதா, வீக்கம் எப்போது தொடங்கியது. டாக்டர் கேட்கும் முதல் கேள்விகள் இவைதான், பத்து நாளில் பாதி மறந்துவிடும். காப்பீடு இருந்தால் விளையாட்டுக் காயத்துக்கு உண்டா, எத்தனை நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்று பாருங்கள். லீக்கில் பதிவு செய்து ஆடுகிறீர்கள் என்றால் அணி எடுத்திருக்கும் காப்பீட்டையும் விசாரியுங்கள். எக்ஸ்ரே, எம்.ஆர்.ஐ. படங்கள், அறிக்கை, அசல் பில்கள், பிசியோ வருகைக் குறிப்பு எல்லாம் ஒரே கோப்பில்.

உள்பக்க ஜவ்வு பாதி கிழிந்தால் பெரும்பாலும் அறுவை சிகிச்சை இல்லாமலே ஆறும். ஏ.சி.எல். முழுதாகக் கிழிந்து மாற்று ஜவ்வு வைத்துத் தைத்தால் குறைந்தது 9 மாதம் போட்டி ஆட்டம் கூடாது. நாள் கணக்கு மட்டும் போதாது, ஒற்றைக் காலில் தாவும் தூரமும் தொடை வலுவும் நல்ல காலோடு ஒப்பிட்டால் 90 சதவீதமாவது வந்திருக்க வேண்டும் என்று பிசியோ அளந்து பார்ப்பார். அவர் சரி என்று சொல்லும் முன் "சும்மா கோல்கீப்பராக நிற்கிறேன்" என்று போகாதீர்கள். கோல்கீப்பர்தான் அதிகம் தாவுகிறவர்.

## 11. எப்போது மாற்றுவது

ஆட்டம் முடிந்ததும் இரண்டு பூட்ஸையும் அடியோடு அடி தட்டி ரப்பர் குருணையை உதறுங்கள், உள்பாதத் தட்டைக் கழற்றி அதன் கீழே சேர்ந்ததையும் கொட்டுங்கள். ஈரமாக இருந்தால் செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து நிழலில் வையுங்கள். வெயிலிலோ ஹீட்டர் பக்கத்திலோ வேண்டாம், காரின் டிக்கியிலேயே விட்டுவிடவும் வேண்டாம்.

மாதம் ஒருமுறை, வாங்கிய நாளில் எடுத்த அடித்தட்டுப் போட்டோவைத் திறந்து, இப்போதைய அடியோடு வைத்துப் பாருங்கள். ஸ்டட் ஒரு பக்கம் மட்டும் சாய்வாகத் தேய்ந்திருந்தாலோ, உருண்டை நுனி தேய்ந்து கத்தி விளிம்பு போல ஆகியிருந்தாலோ, அடித்தட்டில் மயிரிழை விரிசல் தெரிந்தாலோ மாற்றும் நேரம் வந்துவிட்டது. டி.எஃப்.பில் முன்பாதத்தின் உள்ஓரக் குமிழ்தான் எனக்கு முதலில் தேய்கிறது, நீங்கள் எந்தக் காலில் அதிகம் திரும்புகிறீர்களோ அந்தப் பக்கம் சீக்கிரம் போகும். மேலே பார்த்தால் புதுசு போலத்தான் இருக்கும், அதனால் பூட்ஸைத் திருப்பிப் பார்த்துவிட்டுப் பையில் போடுங்கள்.